ஆபீஸில் கொடுத்த சாவி

வார்டு ஆபீஸ் கதவு மூன்றாவது இடியிலேயே பெயர்ந்து விழுந்தது.

அந்தக் கதவுக்குப் பூட்டு போட்டதே சாவிக்காரர்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் திறந்து கொடுத்திருப்பார். நின்று கேட்க அன்றைக்கு யாருக்குப் பொறுமை இருந்தது?

இத்தனைக்கும் இந்தத் தெருக்காரர்கள் சாது ஜனங்கள். வாசலில் பெயர்ப்பலகை மாட்டு என்றார்கள், மாட்டினார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் எழுதிக்கொடு என்றார்கள், எழுதிக்கொடுத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதிதாக ஓர் உத்தரவு வந்தது. எல்லா வீட்டுக்கும் மாற்றுச் சாவி ஒன்று ஆபீஸில் இருக்க வேண்டுமாம். எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தானாம். மாமியார் கையில் கொடுப்பதற்கு ஆபீஸில் கொடுப்பது எவ்வளவோ மேல் என்று கேலி பேசிக்கொண்டே சாவிக்காரர் கடை முன்னால் வரிசையில் நின்றார்கள். அவரும் வாரம் முழுக்க நிமிராமல் வெட்டித் தள்ளினார்.

போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் அப்படியே ஓடியது. அன்று காலை சோதனைக்காரர்கள் இரண்டு பேர், மணிகூட அடிக்காமல், ஆபீஸ் சாவியால் திறந்துகொண்டு ஒரு வீட்டுக்குள் போய்விட்டார்கள். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வெளியே வந்தவள் கூடத்தில் அவர்களைப் பார்த்தாள்.

அவள் சாவிக்காரரின் தங்கை. அடுத்த வீட்டில் தனியாக இருக்கிறவள்.

அன்றிலிருந்து கதவுக்கு மேஜையை முட்டுக்கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். தூக்கம் போய்விட்டது. அண்ணன் தட்டினால்கூட, குரலைக் கேட்ட பிறகுதான் திறந்தாள்.

விஷயம் தெருவில் பரவியது. போதும்டா சாமி என்று ஆகிவிட்டது எல்லோருக்கும். அவரவர் சாவியை எடுத்துவரக் கூட்டமாக ஆபீஸுக்குக் கிளம்பினார்கள், அவளும் கூடவே வந்தாள்.

ஆபீஸ் உள்ளே சுவர் முழுக்க ஆணிகள். வீட்டு எண் வரிசையில் சாவிகள் தொங்கின.

"நீ வெளியிலேயே நில்லும்மா, நான் எடுத்துட்டு வரேன்" என்றார் சாவிக்காரர்.

தங்கை மேல் எவ்வளவு பாசம் பார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

அவர் கூட்டத்தில் முட்டி மோதிச் சுவரை நெருங்குவதற்குள், அவள் இன்னொரு பக்கமாகப் புகுந்து தன் சாவியை எடுத்துவிட்டாள். கையோடு அடுத்த ஆணியில் இருந்த அண்ணன் வீட்டுச் சாவியையும்.

வெளியே வெயிலுக்கு வந்து இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சின்ன வயசெல்லாம் கடையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வளர்ந்தவள், அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒன்றில் பற்கள் வரிசையாக இருந்தன. அண்ணனுடையது பல்லே இல்லாமல் வழவழவென்று, பெட்டியிலிருந்து எடுத்தபடியே இருந்தது. வெட்டவே வெட்டாத சாவி. அது எந்தக் கதவையும் திறக்காது.

"ரெண்டு வருஷமா இதை யாருமே போட்டுப் பார்க்கலையாண்ணா?"

அவ்வளவுதான் கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

பயந்துட்டேம்மா என்று சொல்ல நினைத்தார். ஒருத்தரிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்து என் தலை உருளும் என்று பயந்தேன், உன்னிடம்கூடச் சொல்லாமல் விட்டேனே பாவி என்று சொல்ல நினைத்தார்.

அவளுடைய சாவியை மட்டும் அவர் மற்றவர்களுடையதைப் போல அவசரமாக வெட்டவில்லை. தங்கை வீட்டுச் சாவியாயிற்றே என்று இரண்டு தடவை அரம் போட்டு, எண்ணெய் தடவித் துடைத்து, திறக்கும்போது சத்தமே வராதபடி பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்திருந்தார்.