கரிந்த தக்கை

"இஞ்சின் மட்டும் கெடந்து அலறுகு ரசலையா, வண்டி நவுர மாட்டேங்கு. தோவாளை தாண்டி ஏத்தத்துல ஒரு காளை வண்டி என்னைய முந்திட்டுப் போவுது, பாத்துக்க!"

வியர்த்து விறுவிறுத்து மோட்டார் சைக்கிளைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார் ஆபேல். குலசேகரம் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் மானேஜர். அவ்வளவு பெரிய வேலையில் இருந்தும் குரலை உயர்த்தத் தெரியாத மனிதர்.

மெக்கானிக் ரசலையன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். வண்டிக்கு என்ன கேடு என்று திறந்து பார்க்காமலே அவனுக்குத் தெரியும். ஆனாலும் பார்ப்பது போலப் பார்க்க வேண்டுமே! வண்டியைக் கிளப்பி, கடைசி கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளச்சுப் பிடியை விட்டான். நல்ல கிளச்சாக இருந்தால் இஞ்சின் அப்படியே அணைந்துபோகும். இதுவோ தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

"கிளச்சு வழுக்குது சார்."

"கம்பி இறுகிப் போச்சோ?"

பிடியை ஆட்டிப் பார்த்தான். "இல்ல சார், தளர்வு சரியாத்தான் இருக்கு. கோளாறு உள்ளதான்."

இடப்பக்க மூடியைக் கழற்றியதும் தீய்ந்த நாற்றம் குப்பென்று வந்தது. கிளச்சுத் தட்டுகளில் பிடிப்புக்காக வட்ட வட்டமாகப் பதித்திருந்த தக்கைகள் அத்தனையும் அடுப்புக்கரி மாதிரி கிடந்தன.

"நான் கொல்லத்துக்குப் போன பத்து நாளும் வண்டி இங்கதான கெடந்துது?" என்றார் ஆபேல். "யாரும் எடுக்கலியே?"

"சே! யாரு சார் எடுப்பா?"

சொன்ன வாயை ஊசி நூல் கொண்டு தைத்துவிடலாம் போலிருந்தது ரசலையனுக்கு.

எடுத்தவன் அவனேதான். ஆரல்வாய்மொழிக்குப் பெண் பார்க்கப் போன நாள் அது. மரியாதையாக பஸ்ஸில் போயிருக்கலாம். ஜில்லாவிலேயே விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் மோட்டார் சைக்கிள் ஓடுகிற காலத்தில், ஒன்று பட்டறையில் சும்மா நிற்கும்போது கை சும்மா இருக்குமா? அம்மையைப் பின்னால் ஏற்றினான். தரகர் பொன்னுலிங்கத்தை பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார வைத்தான். கொஞ்சம் வேகம் எடுத்தாலும் அம்மை "ஏசுவே!" என்று கத்தியதால், ஏற்றம் முழுக்கக் கிளச்சைப் பாதி பிடித்தபடியே ஊர்ந்தான். தக்கை தீய்கிற நாற்றம் அப்போதே மூக்கில் ஏறியது.

"வண்டி யாருக்கது?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். "நம்மதுதான்" என்று சொல்லிவிட்டான்.

பெண் லீமாவை அவனுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. வருகிற ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். மூன்று ஞாயிறு வாசித்து யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம். இந்த நேரத்தில் உண்மை வெளியே வந்தால் லீமாவும் போவாள், பட்டறையின் பேரும் போகும்.

ஆபேல் அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "தக்கை எப்பிடி மக்கா கரியும்?"

"பிடியைப் பாதி அழுத்திட்டே ஓட்டினா கரியும் சார்." கரிந்த தட்டைத் திருப்பிக்கொண்டே சொன்னான். "சாருக்க கை எப்பவும் பிடி மேலயே இருக்கும் போல."

அவர் தம் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எனக்க தப்புதான், இல்லியா?"

"ஆமா சார்."

"செரி. இனிமே பாத்து ஓட்டுகேன்."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. ரசலையன் தலையை நிமிர்த்தவே இல்லை. தட்டுகளைப் பெட்ரோலில் கழுவினான். புதுத் தக்கைகளை வெந்நீரில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகத் துளையில் அழுத்தி, ஒன்று போலச் சமமாகும்வரை அரத்தால் தேய்த்தான். இவ்வளவு கருத்தாக அவன் எந்த வண்டிக்கும் வேலை செய்ததில்லை. சொல்லிவிடலாம் என்று நாலைந்து தரம் வாயெடுத்தான். லீமாவின் முகம் வந்து வாயை அடைத்தது.

ஸ்பிரிங்குகளை ஒரே அளவாக முறுக்கி, மூடியைப் பூட்டி, எண்ணெய் விட்டான். மறுபடியும் கடைசி கியர், பிரேக். பிடியை விட்டதும் இஞ்சின் டப்பென்று அணைந்தது.

"இப்ப பிடிக்குது சார்."

ஆபேல் அவன் முகத்தையே பார்த்தார். "ஏன் மக்கா இப்பிடி வேர்க்கு? எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்ல சார். வெக்கை." அதோடு விட்டானா? "பிடி மேல கை வைக்காம ஓட்டுங்க, கேட்டியளா" என்று புத்தியும் சொல்லி வைத்தான். சொல்லும்போதே காது மடல் சுட்டது.

அவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். கியரைப் போட்டவர், அவனைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆரல்வாய்மொழி லீமா எங்க அக்காவுக்க மவளாக்கும். அன்னைக்கு மாமாவுக்க வண்டிச் சத்தம் கேக்குன்னு வாசலுக்கு ஓடி வந்திருக்கா, பாத்தா வண்டியில இருந்து எறங்கினது நீ. அத்தானும் தெரிஞ்சுட்டேதான் வண்டி யாருக்கதுன்னு கேட்டாரு. 'வண்டி இல்லாட்டா போகட்டும் மாமா, அவரு உம்மகிட்ட உள்ளதைச் சொன்னா மட்டும் ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்கச் சொல்லும்'னு சொல்லித்தான் என்னைய இங்க அனுப்பினா."