இரும்பு வேண்டாம்

டயர் கருகுகிற வாடை வந்தது. சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் எங்கேயும் எதுவும் எரியவில்லை.

ப்ரியதர்ஷினிக்குப் புரிந்துவிட்டது. வலிப்பு வருகிறது.

வாடை வந்தபிறகு மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம். முதலில் பேச்சு போகும். அப்புறம் நினைவு.

வலிப்புக்கு அவள் பயப்படவில்லை. அது வரும், குலுக்கிப்போடும், போய்விடும். அவள் பயந்தது சாவிக்கொத்துக்கு.

ஒரு பொம்பிளைப்பிள்ளை கீழே விழுந்து வெட்டி இழுத்தால் போதும், நிற்கிற ஆம்பிளை எல்லாம் டாக்டராகிவிடுவான். ஒருத்தன் கைக்குள் இரும்பைத் திணிப்பான். இன்னொருத்தன் நாக்கைக் கடித்துவிடுவாள் என்று தாடையைப் பிளந்து, கையில் இருப்பதைப் பல்லுக்கு நடுவே செருகுவான்.

மேல்வரிசையில் அவளுக்கு ஒரு பல்கூடச் சொந்தமில்லை.

கரிவலம்வந்தநல்லூர் விலக்கில் லாரி மோதியபோது மண்டையும் மேல்தாடையும் சேர்ந்தே உடைந்தன. மண்டைக் காயம் வலிப்பைக் கொடுத்தது. தாடையில் பல் நட எலும்பு மிஞ்சவில்லை. கண்ணுக்குக் கீழே, கன்ன எலும்பில் நீள நீளமாக நாலு திருகுகளை இறக்கி, அதில்தான் பல்வரிசையை மாட்டியிருந்தார்கள்.

இரண்டு பக்கமும் சேர்ந்து கடித்தால் பாரம் நாலு திருகுக்கும் பிரிந்து போகும், ஒரே பக்கம் ஏறினால் எலும்பு விட்டுவிடும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியிருந்தார்.

போன வைகாசியில் அதுதான் நடந்தது. ராஜபாளையம் பஸ்ஸில் விழுந்தாள். எந்தப் புண்ணியவானோ ஸ்பேனரைச் செருகினான். கடித்த கடி மொத்தமும் இடதுபக்கத் திருகில் ஏறி, எலும்பு விரிந்தது. மறுபடி அறுத்து, இடம் தேடி இறக்கினார்கள். இனி ஒரு தடவை போனால், திருகுவதற்கு முகத்தில் எலும்பு கிடையாது.

அத்தனை மாதம் கஞ்சியை உறிஞ்சிக் குடித்தவள், போன வாரம்தான் ஒரு தோசையைக் கடித்துத் தின்றாள்.

எழுந்து ஓடினாள்.

கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ளலாம். மண்டை மறுபடி உடைந்தால் உடையட்டும். எவனும் வாயில் கைவைக்க மாட்டான்.

பாதி வழியிலேயே கால் கனத்தது.

பூக்கூடையோடு மேலநீலிதநல்லூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அம்மாளின் முன்னால் விழுந்து, அவள் கையைப் பிடித்தாள். வலிப்பு வருகிறது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையுமே வைக்க விடாதீர்கள். எல்லாம் நெஞ்சுக்குள் சரியாக இருந்தது. நாக்குதான் புரளவில்லை.

“வாயில… இரும்பு… வேண்டாம்.”

அவ்வளவுதான் வெளியே வந்தது.

கண் திறந்தபோது மேலே வானமும் சுற்றிலும் கால்களும் தெரிந்தன.

முதலில் நாக்கால் தடவினாள். இடது. முன்பக்கம். வலது. வரிசை அசையவில்லை. விரலால் கன்னத்தை அமுக்கிப் பார்த்தாள். வலி இல்லை. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி கிடந்தாலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தப்பித்துவிட்டாள்.

வாயெல்லாம் ரத்தம் கரித்தது. நாக்கைப் புரட்டிப் பார்த்தாள். உதட்டை மடித்துப் பார்த்தாள். எங்கேயும் காயமில்லை.

தலைமாட்டில் அந்த அம்மாள் யாருடனோ மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். எதிரே ஓர் ஆட்டோக்காரர், கையில் சாவியோடு.

“இத வச்சிருந்தா உனக்கு இந்தக் கதி வந்திருக்குமா, இசக்கித்தாயி? கூறு இருக்கா உனக்கு?”

“போவே அங்கிட்டு. இரும்பு வேண்டாம்னு புள்ள என் கையப் புடிச்சில்லா சொல்லுச்சு.”

பேசிக்கொண்டே அவள் வலதுகையை முந்தானையால் சுற்றினாள். சுற்றச் சுற்றத் துணி சிவந்தது. நுனியில் துருத்திக்கொண்டிருந்த இரண்டு விரல்கள் மட்டும் மற்றவற்றோடு சேர்ந்து மடங்கவில்லை.

ப்ரியதர்ஷினி விழித்துவிட்டதைக் கண்டதும் இசக்கித்தாய் குனிந்தாள். இடதுகையால் அவள் கடைவாயைத் துடைத்துவிட்டாள்.

“ஏட்டி, நல்ல பல்லுட்டி ஒனக்கு” என்று சிரித்தாள்.