எட்டாவது கதவு

கேளுங்க, என் கண்ணுகளா. குற்றாலத்துச் சாரல் பங்களாவில் கதவு, அலமாரி, கண்ணாடி எல்லாம் பொருத்தி முடித்துவிட்டு, சங்கரலிங்க ஆசாரி முதலாளிக்கு ஒவ்வோர் அறையாகக் காட்டிக்கொண்டு வந்தார். முதலாளி ஜவுளிக்கடை மைதீன் ராவுத்தருக்குப் பிடித்துவிட்டால் தென்காசி வீட்டு வேலையும் அவருக்குத்தான். பிடிக்காவிட்டால் பிழைப்புக்கு ஊரைவிட்டே போகவேண்டும்.

அவர் செய்தது ஏழு கதவு. எத்தனையாவது கதவோ அத்தனை உளிவெட்டு அதன் நிலைச்சட்டத்தில் வைப்பது அவர் வழக்கம்.

கடைசி அறையில், மலைப்பக்கச் சுவரில், இன்னொரு கதவு இருந்தது. நிலையில் எட்டு வெட்டு. அவர் கைவெட்டேதான்.

"நல்லதைக் கடைசிக்கு ஒளிச்சு வச்சிருக்கீரே ஆசாரி!" என்று ராவுத்தர் சிரித்தார்.

'நான் செய்யவில்லை' என்று சொல்லத்தான் வாயெடுத்தார். தென்காசி வேலை கண்முன்னே நின்றது. "மொதலாளிக்குப் பிடிச்சாச் சரிதான்" என்றார்.

ராவுத்தர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது; தள்ளினால் அசையவில்லை.

ஆசாரி வெளியே ஓடிச் சுவரைச் சுற்றிப் பார்த்தார். சாரலில் நனைந்த செங்கல், அதை ஒட்டிப் பெரும்பள்ளம். அறை ஏதுமில்லை.

சுவருக்குள்ளிருந்து ராவுத்தர் குரல் சந்தோஷமாகக் கேட்டது: "ஏ ஆசாரி, இங்கனயும் ஒரு கதவு வச்சிருக்கீரே! ஒம்பது வெட்டு போட்டிருக்குவே. தொறக்கட்டா?"