ஜூலை மாதக் கம்பளிக் குல்லா

"உயிரே போனாலும் குல்லாவைக் கழட்டாதே! அந்த ஆள் எப்படிக் கேட்டாலும் ஆஸ்பத்திரியில என்ன நடந்ததுன்னு மூச்சு விடக் கூடாது, ஆமா!"

கணவர் ஆர்விட்டின் காது மறையும்வரை கம்பளிக் குல்லாவை இழுத்துவிட்டாள் மார்லிஸ். வெளியே ஜூலை வெயில் கொளுத்தியது. அமெரிக்காவின் வடகோடியில் இருக்கிற டுலூத் ஊரில் வெயில் வருவதே அத்திபூத்தாற்போல, அதையும் அனுபவிக்க விடமாட்டேன் என்கிறாளே என்று ஆர்விட் முனகினார்.

"இந்தக் குல்லாவோட உறைஞ்ச ஏரிக்கு மீன் பிடிக்கத்தான் போகணும். தலை அவியுது மார்லிஸ்."

"அவிஞ்சா அவியட்டும். உன் ஓட்டை வாய் எனக்குத் தெரியாதா? தபால்காரன் வரைக்கும் தழும்பைக் காட்டியாச்சு!"

விஷயம் இதுதான். ஏப்ரலில் ஒருநாள், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஆர்விட்டின் மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அப்போது ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. இப்படி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வெறும் மருந்து; மீதிப் பேருக்கு மண்டையில் சின்னத் துளை போட்டு, குழாய் விட்டு ரத்தத்தை எடுப்பார்கள். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி. ஆர்விட்டுக்குத் துளை விழுந்தது. பிழைத்துக்கொண்டார்.

அவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று மதிப்பெண் போட இன்று ஒருவன் வருகிறான். எந்த வைத்தியம் நடந்தது என்று அவனுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்து மதிப்பெண்ணும் சாய்ந்துவிடுமாம். அதனால், 'தழும்பை மறைத்துக்கொள்ளுங்கள், பேச்சிலும் விட்டுவிடாதீர்கள்' என்று போனில் சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் சொன்னது அவ்வளவுதான். மீதியை மார்லிஸின் பயம் சேர்த்துக்கொண்டது. குட்டு உடைந்தால் ஆராய்ச்சிப் பட்டியலிலிருந்து ஆர்விட்டின் பேரை அடித்துவிடுவார்கள். வாராவாரம் வந்து பார்க்கிற நர்ஸ் நின்றுவிடுவாள். மறுபடி ரத்தம் கசிந்தால் ஏனென்று கேட்க நாதியிருக்காது. இதையே நினைத்து நினைத்துப் பொட்டுத் தூக்கம் இல்லை. விடிந்ததிலிருந்து தலை வேறு விண்விண்ணென்று தெறித்தது.

அழைப்புமணி அடித்தது. குல்லாவை இன்னொரு இழு இழுத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

வந்தவன் பெயர் ஓவன். சின்ன வயசு, மரியாதையான பையன். சமையலறை மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். காபிக் கோப்பையும் கையுமாக மார்லிஸ் புருஷனை ஒட்டிக் காவல் உட்கார்ந்தாள்.

"இது என்ன மாசம் சார்?"

"ஜூலை. குல்லாவைப் பார்த்து ஜனவரின்னு முடிவு பண்ணிடாதீங்க."

மேசைக்கடியில் அவர் காலை ஒரு மிதி மிதித்தாள்.

"சட்டையை நீங்களே போட்டுக்கிறீங்களா?"

"பொத்தான்தான் கொஞ்சம் தகராறு பண்ணுது. மத்தபடி, அந்த டாக்டரம்மா மண்டையில அன்னிக்கு..."

"ஆர்விட்!"

ஐயோ, கெடுத்தாரே காரியத்தை! ஓவன் விருட்டென்று நிமிர்ந்தான். ஆனால் ஆர்விட்டைப் பார்க்கவில்லை, மார்லிஸைத்தான் பார்த்தான். வைத்த கண் வாங்காமல் பார்த்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

"அம்மா, மடியில காபி கொட்டியிருக்கே. சுடலையா?"

குனிந்து பார்த்தாள். இடக்கைக் கோப்பை சாய்ந்து பாவாடை தொப்பலாக நனைந்திருந்தது. பயந்து சாகிறவளுக்கு எதுதான் உறைக்கும்?

"அவர் ஏதாவது உளறுவார்... ஆபரேஷன் கீபரேஷன் ஒண்ணும்..."

நாக்குக் குழறியது. பொய் சொல்லிப் பழகாத நாக்கு, வேறென்ன செய்யும்? எழுந்து உள்ளே போய்விடலாமென்றால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆர்விட் அவள் பக்கம் திரும்பினார். அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. உதடு துடித்தது, வார்த்தை வரவில்லை. அன்றைக்கும் இப்படித்தானே, பேசிக்கொண்டிருந்த மனுஷனுக்குப் பாதியில் பேச்சு நின்றது! மறுபடியும் வந்துவிட்டதே!

ஓவன் பேனாவைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தான். "ஆம்புலன்ஸ் வேணும், உடனே! மூளையில ரத்தக்கசிவா இருக்கலாம்" என்று வீட்டு விலாசத்தைச் சொன்னான்.

இனி ஆராய்ச்சியாவது ஒன்றாவது! பேரை அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும், ஆள் பிழைத்தால் போதும் என்று அவள் மனசு கிடந்து கதறியது.

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஓவன் முன்னால் குனிந்தான். "கொஞ்சம் சிரிங்க, பார்க்கலாம்."

ஆர்விட் சிரிக்கவில்லை. அவர் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"சிரி ஆர்விட்! சிரிச்சுத் தொலையேன்!"

"ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

ஆர்விட்டின் இரண்டு கைகளும் உயர்ந்து அவள் தோளை நோக்கி வந்தன. மார்லிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தூக்கிட்டார்! பாருங்க, ரெண்டையும் தூக்கிட்டார்!"

"அவரை இல்லம்மா, உங்களைச் சொன்னேன்."