சனிக்கிழமைப் பூ

சந்திரமதி இரண்டு கைகளிலும் காய்கறிக் கூடைகளோடு நின்றபடி, "நீங்களே இவ தலையில வச்சு விட்டுடுங்கக்கா" என்றாள்.

நறுக்கிய மல்லிகைச் சரம் அந்தோணியம்மாளின் விரல்களில் அப்படியே நின்றது.

பஃபலோ ரோட்டில் உள்ள அவள் பூக்கடைக்கு எத்தனையோ சனிக்கிழமைகளில் இந்தக் குழந்தை சந்திரமதியோடு வந்திருக்கிறது. ஒருமுறைகூட அவள் தொட்டதில்லை. பூவை வாழையிலையில் மடித்துச் சந்திரமதியிடம்தான் கொடுப்பாள்.

புருஷன் துறைமுகத்தில் இறந்து, தானும் காசநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைப்போம் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. பெற்ற பிள்ளையை மடத்துக் கன்னியாஸ்திரீகளிடம் ஒப்படைத்தாள். யார் எடுத்து வளர்த்தாலும் தேடிப் போவதில்லை என்று மாதா சுரூபத்தின் முன் சத்தியம் செய்தாள்.

பிழைத்துவிட்டாள். சத்தியத்தையும் மீறவில்லை.

ஆனால் ஒருநாள், புருஷனின் அதே முகத்தோடு, காது மடலுக்குக் கீழே அதே மச்சத்தோடு, பிள்ளை தானாக வந்து கடை முன்னால் நின்றது.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும், அள்ளி அணைக்கத் துடிக்கும் கையை, சொல்லிவிடத் துடிக்கும் நாக்கை, மனதுக்குள் மாதாவுக்கு ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லி அடக்குவாள். சில நாள் ஒன்று போதாது.

குழந்தை திரும்பி நின்று பின்னலைக் காட்டியது. தேங்காயெண்ணெய் வாசம்.

அந்தத் தலையில் முகத்தைப் புதைத்துவிடலாம் போலிருந்தது. மாதாவே, என் கையை நீயே பிடித்துக்கொள் என்று வேண்டியபடி சரத்தை வைத்தாள். கொண்டை ஊசியைச் செருகினாள்.

கையை எடுத்துக்கொண்டாள்.

குழந்தை பக்கத்து ஜோசியரின் கிளியைப் பார்க்க ஓடியது.

வீடு மாறப் போவதாகச் சந்திரமதி சொன்னாள். குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்திருக்கிறதாம். கீழேயே மார்க்கெட்டாம். பூக்கடையும் உண்டாம்.

நல்லது என்று அந்தோணியம்மாள் தலையாட்டினாள். சிரிக்கக்கூடச் செய்தாள். வெறும் வாழையிலையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

சந்திரமதி கூடைகளைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அங்க போனாலும் சனிக்கிழமை இங்கதான் கூட்டிட்டு வருவேன்க்கா. இத்தன நாளும் காத்தோங்லேருந்துதான் பஸ் ஏறி வந்துட்டிருந்தோம். காத்தோங்லயும் பூ கிடைக்கும். மடத்துல விசாரிச்சுத்தான் உங்ககிட்ட வந்தேன்."