வீட்டுக்கு ஒரு கை

"நம்ம நாடு இந்து நாடுன்னு புதுச் சட்டத்துல எழுதணுங்கறவங்க எல்லாம் கை தூக்குங்க, பார்ப்போம்" என்றார் டீக்காராம்.

பள்ளிக்கூட மைதானம் முழுக்கக் கைகள் மேலே போயின. என் கையும்தான்.

காத்மாண்டுவில் சட்டம் எழுதுகிறார்களாம். நாட்டுக்கென்று ஒரு மதம் கிடையாது என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். சரிதானா என்று ஊர் ஊராகக் கேட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் கேட்கிறவர் டீக்காராம். வீடு இடிந்தவர்களுக்குக் கூரைத் தகரம் கொடுக்கிறவரும் அவர்தான். தகரமெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னாலேயே அடுக்கியிருந்தது.

கை தூக்காவிட்டால் தகரம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன?

நிலநடுக்கம் வந்து மூன்று மாதம். நானும் அத்தையும் என் ஏழு மாதக் குழந்தையும் ஒரு பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே கிடக்கிறோம். மழை வலுத்தால் குழந்தைமேல் நான் கவிழ்ந்துகொள்வேன். நாலு நாளாக அதற்கு நெஞ்சு இழுக்கிறது.

"சரி, இப்ப எழுதியிருக்கற மாதிரியே இருக்கட்டுங்கறவங்க?" டீக்காராம் எங்கள் பக்கம் பார்த்தார். "சிலுவைக்காரங்க யாராச்சும் மிச்சம் இருக்கீங்களா?"

யாரோ சிரித்தார்கள்.

எங்கள் பக்கம் சனிக்கிழமைதான் விடுமுறை. அதனால் சபையும் சனிக்கிழமைதான். நிலம் ஆடியதும் ஒரு சனிக்கிழமை மத்தியானம். கல் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணித்தான் உள்ளே எத்தனை பேர் என்று தெரிந்துகொண்டார்கள்.

பன்னிரண்டு ஜோடி. அதில் ஒன்று என் வீட்டுக்காரருடையது. அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், நான் போகவில்லை.

அத்தை அந்தச் சபை வாசலை மிதித்ததே இல்லை. மகனுடைய பைபிளை அடுப்பில் போட்டவள். குலதெய்வத்தை விட்டவன் தொட்ட சோறு வேண்டாம் என்று இரண்டு வருஷம் தனியாகப் பொங்கித் தின்றவள். அன்று காலையில் அவர் கிளம்பும்போது, "போ, அங்கயே கெட" என்று கத்தினாள்.

இப்போது ஒரே ஒரு கை மேலே போனது.

அத்தையுடையது.

"மன்சரா சித்தி, கேள்வி புரிஞ்சுதா? தசைன் பூஜைக்குக் கெடா வெட்டற நீ எதுக்கு இதுக்குத் தூக்கற?"

"உன்னை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவடா நான். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"மருமக அதுக்குத் தூக்கினா, நீ இதுக்குத் தூக்கற. வீட்டுக்கு ஒரு கைதான். எதை எழுத?"

"ஒண்ணுதான்னா என் மகன் கையை எழுது. அவனால தூக்க முடியாது. அதான் நான் தூக்கறேன்."

டீக்காராம் எழுதிக்கொண்டார்.

தகரம் கொடுத்தார்கள். எங்கள் முறை வந்தபோது, "அடுத்த லோடு வரட்டும்" என்றார்.

மழையிலேயே திரும்பினோம். அத்தை குழந்தையைச் சால்வைக்குள் மூடிக்கொண்டு முன்னால் போனாள். காலில் என் வீட்டுக்காரருடைய செருப்பு. அளவு பெரிது, ஒவ்வொரு அடிக்கும் சேற்றை வாரி அடித்தது.

சால்வைக்குள் குழந்தை இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"உன்னை ஒண்ணும் சொல்லல. நீ பிள்ளைக்காகத் தூக்கின" என்றாள், திரும்பாமல். "பாவம், அவன்தானே உன்னையும் அங்க இழுத்துட்டுப் போனான்."

நான் அவள் பின்னாலேயே நடந்தேன்.

முதன்முதலாகச் சபைக்குப் போன சனிக்கிழமை, அவர் உள்ளே வரமாட்டேன் என்றுதான் சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனவள் நான்.