வாய் திறக்காத மக்கு

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அன்றைய பாடத்தை வீட்டிலிருக்கும் மக்குக்குச் சொல்லித்தர வேண்டும். வீட்டுப்பாடம் அவ்வளவுதான். ஓயாமல் சந்தேகம் கேட்பதற்கென்றே செய்த பொம்மை அது. நிறுவனம் வைத்த பெயர் வேறு. எல்லா வீட்டிலும் மக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்குப் புரிந்தால்தான் பிள்ளைக்குப் புரிந்ததாக அர்த்தம்.

ஐந்தாவது படிக்கும் நறுமுகையின் மக்கு, கொஞ்ச நாளாக எதையுமே கேட்கவில்லை. என்ன சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டியது. பரீட்சை நெருங்கிவிட்டதால் அவளுடைய அம்மா கோமதி மெக்கானிக்கை வரவழைத்தாள்.

அவர் அதன் முதுகைத் திறந்து பார்த்தார்.

"ரிப்பேர் ஒண்ணுமில்லீங்க. சந்தேகம் கேட்டா திட்டு விழும்னு கத்துக்கிச்சு. அதான் பேசறதில்ல."

"பொம்மையப் போயி யாருங்க திட்டுவாங்க?"

அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். பொம்மைக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது.

"ஏழு கழுத வயசாகுது, இதுகூடத் தெரியல? இன்னொருக்கா வாயத் தொறந்தே, சூடு வெச்சுருவேன்!"

குரல்தான் மகளுடையது. 'இன்னொருக்கா' என்பதை இழுத்த இழுப்புகூட கோமதியினுடையது.

"அந்தப் பயத்த மட்டும் அழிச்சாச்சுங்க" என்றார் மெக்கானிக்.

மக்கு உடனே நறுமுகையைப் பார்த்துத் தலை நிமிர்ந்தது. "அக்கா, கடல் தண்ணிதானே மழையாகுது? அப்ப மழை ஏன் உப்புக் கரிக்கல?"

கோமதி மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உனக்கும் ஏதாச்சும் சந்தேகம் இருந்தா அம்மாகிட்டக் கேளு கண்ணு. திட்டமாட்டேன்."

நறுமுகை தலையை மட்டும் ஆட்டினாள்.